பின்சக்கர ஆர்ம்: எது வளையலாம், எது வளையக் கூடாது

காரைத் தாழ்த்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் ஒரே குறையோடு பட்டறைக்குத் திரும்பி வருகிறார்கள். பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரிகிறது. வெளிவிளிம்பில் பட்டன் அப்படியே இருக்கிறது. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கியதும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் வேறு கோணத்துக்குப் போய்விட்டன. சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்துவிட்டது, நேராகப் பார்க்க வேண்டிய சக்கரம் சற்றே கோணலாகப் பார்க்கிறது. தொழிற்சாலையில் போட்ட ஆர்மின் நீளத்தை மாற்ற வழியில்லை. எனவே நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஆர்ம் ஒன்றைத் தேடத் தொடங்குகிறார்கள். சந்தையில் சிவப்பும் நீலமுமாகச் சாயம் ஏற்றிய அலுமினிய ஆர்ம்கள் கிடைக்கின்றன. லேத்தும் வெல்டிங் மெஷினும் உள்ள எந்தப் பட்டறையும் ஒரே நாளில் ஒன்றைச் செய்துகொடுத்துவிடும். அவ்வளவு சுலபமாகச் செய்துவிட முடிகிறது என்பதுதான் இதில் என்னை உறுத்துகிறது.

வாங்குபவரும் விற்பவரும் முதலில் பேசுவது வலிமையைப் பற்றி. என் பார்வையில் வலிமை கடைசியாக வர வேண்டிய கேள்வி. மூட்டுப்புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதை முதலில் கேட்க வேண்டும். அந்த மூட்டுக்குள் ரப்பரா, இரும்பு உருண்டையா என்று பிறகு கேட்க வேண்டும். வலிமையைப் பற்றிக் கேட்கும்போதும், எவ்வளவு தாங்கும் என்பதைவிட, தாங்க முடியாமல் போகும் நாளில் எது முதலில் விட்டுக்கொடுக்கும் என்றுதான் கேட்க வேண்டும்.

எதனோடும் கட்டப்படாத ஒரு பொருளுக்கு ஆறு வகை அசைவு உண்டு: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் திரும்பலாம். பின்சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கு நாம் அனுமதிக்க விரும்புவது ஒன்றைத்தான், மேலும் கீழும் போய்வருவதை. மீதி ஐந்தையும் கட்டிப்போட வேண்டும். இரு முனையிலும் உருண்டை மூட்டுள்ள ஒரு கம்பி ஓர் அசைவைத் தடுக்கும்; ஆகவே ஐந்து கம்பிகள் தேவை. 1982-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 190 வெளிவந்தபோது அதன் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தனித்தனி லிங்க்குகள் பிடித்திருந்தன. 'ஏ' வடிவ ஆர்ம் ஒன்று இருந்தால் அது இரண்டு கம்பிகளுக்குச் சமம். மொத்தம் நான்குதான் என்றால் சக்கரம் ஆடும். ஆறு ஆகிவிட்டால் ஏதோ ஒரு மூட்டின் ரப்பர் இழுபட்டாக வேண்டும், அந்த ரப்பரும் இல்லையென்றால் முழு அமைப்பும் இறுகிக்கொள்ளும். சொந்தமாக ஆர்ம் செய்யப் புறப்படுகிறவர் காரின் அடியில் படுத்து முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான். ஏற்கெனவே ஆறு கட்டுகளோடு ரப்பரின் தயவில் ஓடும் அமைப்பு என்றால், அதில் ரப்பரை எடுத்துவிட்டு இரும்பு உருண்டையைப் போடுவது வேலைக்காகாது.

இந்த ஐந்துக்கு வந்து சேர மோட்டார் உலகம் நிறையவே விலை கொடுத்திருக்கிறது. 1960 மாடலாக வந்த ஷெவர்லே கார்வேரில் பின் ஆக்ஸிலின் இரு பாதிகளும் ஊஞ்சல்போல் ஆடும் ஆர்ம்களாகவே இருந்தன. வேகமான வளைவில் உடல் மேலே எழும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கிக்கொள்ளும் ஆபத்து அதில் இருந்தது. ரால்ஃப் நாடெர் 1965-இல் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' நூலின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியதுதான். அதே 1965-ஆம் ஆண்டு மாடலுக்குப் பின் சஸ்பென்ஷனை ஷெவர்லே முழுக்க மாற்றியிருந்தது. அந்த ஊஞ்சல் ஆக்ஸிலுக்கு மாற்றாக பிஎம்டபிள்யூவும் டாட்சனும் இன்னும் பலரும் கையாண்ட செமி-டிரெய்லிங் ஆர்ம் எவ்வளவோ மேலானது. ஆனாலும் வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், மூட்டு ரப்பரான புஷ்ஷின் நெகிழ்வால் பின்சக்கரம் வெளிப்பக்கம் திரும்பிவிடும், காரின் வால் வீசும். 1977-இல் வந்த போர்ஷே 928-இல் அந்த ஆர்மின் முன் மூட்டில் சிறிய லிங்க் ஒன்றைச் சேர்த்து, அதே சூழலில் சக்கரம் உள்பக்கம் திரும்பும்படி செய்தார்கள். 'வைசாக் ஆக்ஸில்' என்று அதற்குப் பெயர். 1998-இல் ஃபோர்டு ஃபோகஸ், சாதாரணக் குடும்பக் காருக்கே பல லிங்க் கொண்ட பின் அமைப்பைக் கொடுத்தது. இத்தனை ஆண்டுப் போராட்டத்தில் பொறியாளர்கள் தலையை உடைத்துக்கொண்டது, சுமை ஏறும்போதும் இறங்கும்போதும் பின்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்காக. ஆர்ம் உடைந்துபோகிறதே என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தனியார் ஆர்ம்கள் பெருகிய காருக்கு நல்ல உதாரணம் நிஸ்ஸான் சில்வியா எஸ்13. 1988-இல் ஜப்பானில் வந்த இந்தப் பின்சக்கர ஓட்டக் கார், பின்னாளில் டிரிஃப்ட் ஓட்டுபவர்களின் செல்லமாக மாறியது. பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒரு 'ஏ' வடிவ ஆர்ம், மேலே ஒரு லிங்க், அதோடு டிராக்ஷன் ராட், சக்கரம் பார்க்கும் திசையைப் பிடிக்கும் டோ ராட். இரண்டும் மூன்றும் ஐந்து; கணக்கு சரியாக இருக்கிறது. மேல் லிங்க், டிராக்ஷன் ராட், டோ ராட் மூன்றுக்கும் நீளம் மாற்றக்கூடிய மாற்றுப் பாகங்கள் உலகெங்கும் விற்கின்றன. காரைத் தாழ்த்தியவர் மேல் லிங்க்கை மட்டும் நீட்டிச் சாய்வைச் சரிசெய்கிறார். அலைன்மென்ட் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரிகிறது. ஆனால் மேல் லிங்க் நீண்டு, டிராக்ஷன் ராட் பழைய நீளத்திலேயே நிற்பதால் நக்கிள் சற்றுத் திருகிக்கொண்டது. கார் நிற்கும்போது அந்தத் திருகலை டோ ராட் மறைத்துவிடும். சக்கரம் 50 மி.மீ. மேலேறும்போது அது வெளியே வந்துவிடும். ஒவ்வொரு மேட்டிலும் பின்சக்கரம் தானாகவே ஸ்டியரிங் பிடிக்கும். நிற்கும் காரில் எடுக்கும் அலைன்மென்ட் அச்சுத்தாள் ஒரே ஒரு நிலையைத்தான் சொல்கிறது. ஓடும் கார் அந்த நிலையில் இருப்பதோ கொஞ்ச நேரம்தான்.

ஆகவே அளவெடுப்பதில்தான் வேலை தொடங்க வேண்டும், பைப் வாங்குவதில் அல்ல. காரைச் சமதளத்தில் ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, நக்கிளுக்கு அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைப் பத்துப் பத்து மில்லிமீட்டராக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), டோ (சக்கரம் பார்க்கும் கோணம்) இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். மூட்டுப் போல்ட்டுகளின் மையங்களைத் தரைக்கு இறக்கிக் குறிக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டே போதும். வசதியுள்ளவர்கள் ஸ்கேனர் வைத்து அளந்து, லோட்டஸ் ஷார்க், ஆப்டிமம்கே போன்ற மென்பொருள்களில் அந்தப் புள்ளிகளை ஏற்றுகிறார்கள். மென்பொருள் தரும் வரைகோடும் ஜாக்கி வைத்து அளந்த வரைகோடும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை எதையும் வெட்டக் கூடாது. பொருந்தாவிட்டால் ஏதோ ஒரு புள்ளியைத் தவறாக அளந்திருக்கிறோம் என்று பொருள்.

இந்த வேலையைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் சின்ன அளவுகள் பெரிய விஷயமில்லை என்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. டோ ராட் பிடித்திருக்கும் இடம் சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து 150 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராடின் நீளம் 1 மி.மீ. மாறினால் சக்கரம் 0.38 பாகை திரும்பும். 600 மி.மீ. விட்டமுள்ள டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையில் அது 4 மி.மீ. வித்தியாசம். பல கார்களில் அனுமதிக்கப்பட்ட டோ அளவே 1, 2 மி.மீ.தான். கேம்பரும் இதேபோலத்தான்: மேல் மூட்டும் கீழ் மூட்டும் 240 மி.மீ. இடைவெளியில் இருந்தால், மேல் லிங்க்கில் 1 மி.மீ. என்பது 0.24 பாகை. ஒரு முனையில் வலது மரையும் மறு முனையில் இடது மரையுமாக 1.5 மி.மீ. பிட்ச்சில் போட்டிருந்தால், குழாயை ஒரு சுற்றுத் திருப்பும்போது நீளம் 3 மி.மீ. மாறும், சாய்வு 0.7 பாகைக்கு மேல் ஓடிவிடும். மரையின் பிட்ச்சை எண்ணெய்க்கறை படிந்த அட்டவணையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல், எவ்வளவு நுட்பமாகச் சரிசெய்ய வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீளத்தால் தீராத சிக்கலும் உண்டு. காரைத் தாழ்த்தும்போது ஆர்ம்கள் வெளிமுனை உயர்ந்து சாய்ந்து நிற்கின்றன. அதனால் கார் எந்தப் புள்ளியைச் சுற்றி உருள்கிறதோ அந்த ரோல் சென்டர் கீழே இறங்குகிறது. பல அமைப்புகளில் காரின் புவியீர்ப்பு மையம் இறங்குவதைவிட அது அதிகமாகவே இறங்கிவிடும். தாழ்ந்த கார் சில நேரம் வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாய்வதற்குக் காரணம் இதுதான். ஆர்மை எவ்வளவு நீட்டினாலும் இது சரியாகாது. மூட்டுப்புள்ளியையே இடம்மாற்ற வேண்டும். சில்வியாக்காரர்கள் ஆர்ம்கள் மாட்டியிருக்கும் சப்ஃபிரேமைச் சற்று மேலே தூக்கிப் பொருத்துவது இதற்காகத்தான்.

இனி வலிமை. ஓட்டுநரோடு 1,200 கிலோ எடையுள்ள கார் கடுமையான வளைவில் போகும்போது வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 4,500 நியூட்டன் சுமை வரலாம். டயரின் பிடிப்பு எண் 1 என்றால் பக்கவாட்டு விசையும் அதே அளவு. கீழ் மூட்டு தரையிலிருந்து 180 மி.மீ. உயரத்திலும் மேல் மூட்டு 420 மி.மீ. உயரத்திலும் இருந்தால், செங்குத்துச் சுமையின் திருப்பத்தை இப்போதைக்கு விட்டுவிட்டுப் பார்த்தால், மேல் லிங்க்கில் சுமார் 3,400 நியூட்டன் இழுவிசையும் கீழ் ஆர்மில் சுமார் 7,900 நியூட்டன் அமுக்கு விசையும் வரும். ஒரு சக்கரத்தின் கீழ் ஆர்ம் ஏறக்குறைய 800 கிலோவைத் தாங்குகிறது. இது வழுவழுப்பான சாலைக்கான கணக்கு. பள்ளத்தில் விழுவதற்கும் நடைபாதை விளிம்பில் இடிப்பதற்கும் மூன்று மடங்காவது வைத்துத்தான் தொடக்கக் கணக்கைப் போட வேண்டும்.

இப்போது ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 25 மி.மீ., சுவர்த் தடிமன் 2.5 மி.மீ., நீளம் 350 மி.மீ., சாதாரண மைல்டு ஸ்டீல். நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை 250 மெகாபாஸ்கல். நேரான குழாயில் 8,000 நியூட்டன் விசை ஏற்படுத்தும் தகைவு வெறும் 45 மெகாபாஸ்கல். மூன்று மடங்கு ஏற்றினாலும் 136தான். நெளிந்து மடங்கும் பயமும் இல்லை; இந்த நீளத்துக்கு அந்த எல்லை 1,80,000 நியூட்டனுக்கு மேல். அதாவது நேரான குழாய்க்கு மைல்டு ஸ்டீலே தாராளம்.

அதே குழாயை, சைலன்சர் பைப்புக்கு இடம்விட வேண்டும் என்று நடுவில் 30 மி.மீ. வளைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். விசையின் கோடு இப்போது குழாயின் நடுவழியாகப் போகவில்லை. அதே 8,000 நியூட்டன் இப்போது 265 மெகாபாஸ்கல் வளைவுத் தகைவைக் கூடுதலாகக் கொண்டுவருகிறது, மொத்தம் 310. மைல்டு ஸ்டீல் எல்லையைத் தாண்டியாயிற்று. மூன்று மடங்கு ஏற்றினால் 930. குரோமோலி என்று பெருமையாகச் சொல்லப்படும் 4130 ஸ்டீலும், பட்டறைக்கு வரும் நார்மலைஸ் செய்த நிலையில், அதில் பாதியிலேயே விட்டுக்கொடுத்துவிடும். 30 மி.மீ. வளைவு ஒரே குழாயை ஏழு மடங்கு பலவீனமாக்கிவிட்டது. வளைத்தே ஆக வேண்டிய இடத்தில், வளைவின் தளத்தில் ஆழம் அதிகமுள்ள பெட்டி வடிவம் வேண்டும். இல்லையென்றால் சைலன்சர் பைப்பை நகர்த்துங்கள். பின்னதைத்தான் நான் சொல்வேன்.

ஆர்மின் நடுவில் ஷாக் அப்சார்பர் உட்கார்ந்திருக்கும் கார்களில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. 1992 முதல் 2000 வரை வந்த ஹோண்டா சிவிக் கார்களின் பின்பக்கக் கீழ் ஆர்ம் அப்படிப்பட்டது. காரின் எடையே அந்த ஆர்மை வளைக்கும் சுமையாக வருகிறது. பார்ப்பதற்கு இரண்டு முனைகளுக்கு இடையிலான சாதாரணத் தண்டுபோல் இருந்தாலும், அதை வெறும் லிங்க் ராடாக நினைத்துச் செய்யக் கூடாது.

பொருளைப் பற்றிய விவாதம் வழக்கமாக நீளும். எனக்கு அதில் சொல்ல இரண்டு செய்திகள்தான். ஒன்று, வெல்டிங் செய்த இணைப்பு பல லட்சம் முறை விசை ஏறி இறங்கிச் சோர்ந்து விரிசல் விடுவது, அடிப்படை இரும்பின் வலிமையைப் பெரிதாகப் பொறுத்ததல்ல. வெல்டின் விளிம்பிலுள்ள கூர்மையும் குறையும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. விலை கூடிய குழாயை வாங்கி, அதிக விசை வரும் இடத்திலேயே வெல்டை வைத்தால் பயனில்லை. மற்றொன்று அலுமினியம். 6061-டி6 நல்ல உலோகம். ஆனால் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் வலிமை பாதிக்கும் கீழே போய்விடும். மறுபடி வெப்பச் செயல்முறை செய்யாமல் திரும்பாது. அலுமினிய ஆர்ம் என்றால் ஒரே கட்டியிலிருந்தோ அறுகோணத் தண்டிலிருந்தோ வெல்டே இல்லாமல் கடைந்தெடுத்ததாக இருக்க வேண்டும். அதிலும், இத்தனை தகைவுக்குக் கீழே எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் உடையாது என்று சொல்லும்படியான எல்லை இரும்புக்கு இருப்பதுபோல் அலுமினியத்துக்கு இல்லை. தினசரி ஓட்டும் காருக்கு நான் இரும்பைத்தான் பரிந்துரைப்பேன்.

மூட்டில் என்ன போடுவது என்பதில்தான் பணமும் ஏமாற்றமும் அதிகம். தொழிற்சாலை ரப்பர் புஷ், உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டப்பட்டது; அது சுழல்வதில்லை, முறுகுகிறது. அதனால்தான் புது புஷ் போட்டதும் சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முறுக்கக் கூடாது. கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் இறுதியாக முறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேன் புஷ் கெட்டியானது. எல்லாப் பக்கமும் கெட்டியாக இருப்பதுதான் அதன் குறை. சிவிக்கின் டிரெய்லிங் ஆர்ம் முன் மூட்டைப் பாருங்கள். அங்கே பக்கவாட்டு இடத்தைக் குட்டையான வேறொரு ஆர்ம் பிடித்துக்கொள்கிறது, புஷ் பக்கவாட்டில் இளகிக்கொடுக்க வேண்டும். அதில் கெட்டிப் பாலி புஷ்ஷைப் போட்டால் ஆறாவது கட்டு வந்துவிடுகிறது. சஸ்பென்ஷன் இறுகும், கார் குதிக்கும், ஓட்டுநர் அதை 'ஸ்போர்ட்டி' என்று நினைத்துக்கொள்வார்.

மூன்றாவது, ராட் எண்ட். ஜப்பானியப் பாகங்களில் 'பில்லோ பால்' என்று விற்பது இந்த வகை இரும்பு உருண்டை மூட்டைத்தான். ஆட்டமே இல்லாத துல்லியம் கிடைக்கும். பந்தயத் தளத்தில் அதற்கு இணை இல்லை. நம் ஊர் மண்ணிலும் மழைநீரிலும் மூடியில்லாத ராட் எண்டின் உள்லைனரில் மணல் புகுந்தால் தேய்மானம் வேகமாக வரும், பிறகு ஒவ்வொரு குழியிலும் டொக் டொக் சத்தம். ரப்பர் பூட் போட்ட வகையைத் தேடி வாங்குங்கள். அதைவிட முக்கியம், ராட் எண்டின் மரைத்தண்டை வளைக்கும் விசை வரவே கூடாது. அது இழுப்பதற்கும் அமுக்குவதற்கும் பிறந்தது. மரையின் ஒவ்வொரு பள்ளமும் விரிசல் தொடங்கக் காத்திருக்கும் இடம். அமெரிக்க ரேஸ் எஞ்ஜினியர் கேரல் ஸ்மித் தன் நூல்களிலும், மாணவர் கார் வடிவமைப்புப் போட்டிகளில் நடுவராக இருந்தபோதும் திரும்பத் திரும்பக் கண்டித்த தவறு இது. ஷாக் அப்சார்பர் உட்காரும் கீழ் ஆர்மின் வெளிமுனையில் ராட் எண்டைத் திருகி விற்கும் வடிவங்களை இன்றும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலுள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் போட்டிகளில் இந்த ஒழுக்கத்தைப் பார்க்கலாம். இந்த வகைப் போட்டிகளின் விதிப்படி உருண்டை மூட்டை இரு பக்கமும் தாங்கியிருக்க வேண்டும். அல்லது உருண்டை கழன்றாலும் ஆர்ம் பிரிந்துபோகாதபடி, கூட்டின் துளையைவிடப் பெரிய வாஷரோ போல்ட் தலையோ இருக்க வேண்டும். ஒரு வாஷருக்கு என்ன விலை ஆகிவிடப் போகிறது? கல்லூரி மாணவர்களிடம் கட்டாயமாகக் கேட்கும் இதை, காசு கொடுத்து வாங்கும் பாகத்தில் நாம் கேட்பதில்லை.

எது முதலில் வளைய வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். கார் நிறுவனங்கள் ஆர்மைத் தகட்டில் அடித்தோ ஃபோர்ஜ் செய்தோ கொடுக்கும்போது, சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதினால் ஆர்ம் கண்ணுக்குத் தெரியும்படி வளைய வேண்டும், உடைந்து சக்கரம் பிரிந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்கின்றன. ஸ்டியரிங் கோணலாகும், கார் ஒருபக்கம் இழுக்கும், ஓட்டுநர் பட்டறைக்கு வருவார். வளைந்த ஆர்ம் சில ஆயிரம் ரூபாய். ஆர்மைத் தேவைக்கு மீறிப் பலமாக்கினால் அந்த விசை எங்கும் மறைந்துவிடாது. சப்ஃபிரேமுக்கும் பாடித் தகட்டுக்கும் போகும். அதே சிவிக்கில் தடித்த ஆன்டி-ரோல் பாரைப் போட்டவர்களுக்குக் கீழ் ஆர்ம் மாட்டியிருக்கும் சப்ஃபிரேம் தகடே கிழிந்த கதை நன்கு அறியப்பட்டது. அதற்கென்றே வலுவூட்டும் தகடுகள் தனியாக விற்கும் அளவுக்கு அது பரவலானது. நல்ல வடிவமைப்பாளர் வரைபடத்தில் பலவீனமான இடத்தையும் குறித்து வைப்பார். அது வெல்டாகவோ மரையாகவோ இருக்கக் கூடாது. வளைந்து காட்டக்கூடிய குழாயாக, மாற்றச் சுலபமான பாகமாக இருக்க வேண்டும்.

இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களில் எத்தனைக்கு இதெல்லாம் பொருந்தும்? ஸ்விஃப்ட், ஐ20, போலோ போன்ற சிறிய கார்களின் பின்பக்கம் டார்ஷன் பீம். அங்கே மாற்றுவதற்குத் தனி ஆர்மே கிடையாது. கேம்பரும் டோவும் மாற வேண்டுமென்றால் ஸ்டப் ஆக்ஸிலுக்கும் பீமுக்கும் இடையில் மெல்லிய ஷிம் தகடு வைப்பதுதான் வழி. நம்மிடம் உண்மையான தேவை இருப்பது உயர்த்திய ஜீப் வகை வண்டிகளில். ஜிம்னி, ஃபார்ச்சூனர், 2020-இல் வந்த தார் ஆகியவற்றில் ஒரே துண்டுப் பின் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் ஒரு குறுக்கு ராட் பிடித்திருக்கிறது. 900 மி.மீ. நீளமுள்ள ராடின் ஒரு முனை மற்றதைவிட 100 மி.மீ. தாழ்ந்திருந்து, வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால், ஆக்ஸில் ஏறத்தாழ 7 மி.மீ. ஒருபக்கம் நகர்ந்துவிடும். பின்னால் வருபவர் பார்த்தால் வண்டி நண்டு நடை நடப்பதுபோல் தெரியும். நீளம் மாற்றக்கூடிய குறுக்கு ராட் இங்கே நியாயமான பாகம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களோடு பதிவுச் சான்றிதழ் விவரங்கள் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி வந்தது. ஜெர்மனியில் இத்தகைய பாகத்துக்குப் பரிசோதனைச் சான்று வாங்கி, தேவையானால் வண்டி ஆவணத்திலும் பதிவுசெய்தால் சாலையில் ஓட்டலாம். நமக்கும் அப்படியொரு வழி வேண்டும். சோதித்துச் சான்று தரும் கதவு இல்லாத இடத்தில் நல்ல தயாரிப்பாளரும் மோசமான தயாரிப்பாளரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதுவரை இந்தப் பாகங்களின் இடம் பந்தயத் தளம்தான். கோவையிலும் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் நமக்குத் தளங்கள் இருக்கின்றன.

தனக்கெனச் செய்துகொள்ளும் ஒருவருக்குச் சில வார்த்தைகள். மரை குறைந்தது போல்ட் விட்டத்தின் ஒன்றரை மடங்கு உள்ளே இருக்க வேண்டும். அந்த ஆழத்தில் குழாயில் சிறு துளை போட்டு வைத்தால், ஒரு கம்பியை நுழைத்துப் பார்த்தே மரை எட்டியிருக்கிறதா என்று யாரும் சோதிக்கலாம். போல்ட் 10.9 தரத்துக்குக் குறையக் கூடாது, அதன் மரையில்லாத வழுவழுப்பான பகுதிதான் வெட்டுவிசை வரும் தளத்தில் இருக்க வேண்டும். புது ஆர்மில் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் வெல்டுகளைத் துடைத்துச் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்தெடுத்து, வெள்ளைப் பொடியை அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக மேலே வரும். கோடு தெரிந்தால் அதன்மேல் மறுபடி வெல்டிங் வைக்காமல் ஆர்மையே தூக்கிப்போடுங்கள். விற்பவரிடம் எந்தச் சுமைக்குக் கணக்குப் போட்டீர்கள், முழு ஓட்டத்திலும் டோ எவ்வளவு மாறுகிறது, அதிகபட்சம் எவ்வளவு நீட்டலாம் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். மாட்டியபின் முதல் நூறு கிலோமீட்டரில் இரு முனை லாக் நட்டுகளையும் ஒருமுறை மறுபடி முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.